தங்கும் உயரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த இமயமலை மலையேற்றக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எந்த ரயில், எத்தனை ஸ்வெட்டர், ஆளுக்கு எவ்வளவு செலவு என்று எல்லாம் இருந்தது. "ஓரளவு நடக்கத் தெரிந்த எவரும் போய்வரலாம்" என்று ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் திண்டுக்கல்காரன். அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் மைதானத்தில் நடக்கும் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. பாலிடெக்னிக் வாத்தியார், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், ஜவுளிக்கடை நடத்தும் ஒரு அம்மா, எல்.ஐ.சி. ஏஜென்ட், இப்படி ஒன்பது பேர். சிறுமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என்று வருடத்துக்கு இரண்டு மலையாவது ஏறிவிடுவோம். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்கியவர்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது. போன வருஷம் ஏப்ரலில் சிக்கிமில் உள்ள கோய்ச்சாலாவுக்குக் கிளம்பிவிட்டோம்.

கோய்ச்சாலா என்பது காஞ்சன்ஜங்காவுக்கு எதிரே போய் நிற்கும் பாதை. 8,586 மீட்டர், உலகத்தில் மூன்றாவது உயரமான மலை. நியூ ஜல்பைகுரியில் இறங்கி ஜீப்பில் ஒரு நாள் போனால் யுக்சம். 1642-இல் மூன்று லாமாக்கள் கூடி சிக்கிமின் முதல் அரசருக்கு முடிசூட்டிய ஊர். இப்போது பாதி வீடு ஹோம்ஸ்டே, பாதி வீடு முட்டைக்கோஸ் தோட்டம். அங்கேதான் தேசியப் பூங்காவின் எல்லை தொடங்குகிறது. உள்ளே போனால் கடை கிடையாது, சாலை கிடையாது, திரும்பி வரும் வரை நடைதான். கூடாரம், அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் ஜோ என்கிற மாட்டின் முதுகில் வரும். யாக்கும் பசுவும் கலந்த இனம். கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். மணிச்சத்தம் கேட்டால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கக் கூடாது, மலைப் பக்கம்தான் ஒதுங்க வேண்டும். கைடு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். அவரை "தாய்" என்று கூப்பிடச் சொன்னார். நேபாளியில் அண்ணன் என்று அர்த்தமாம். மீசை வைத்த ஆளைத் தாய் என்று கூப்பிட முதல் நாள் முழுக்க எங்களுக்குச் சிரிப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். யுக்சம் 1,780 மீட்டர், கொடைக்கானலைவிடத் தணிவு. அங்கிருந்து 16 கிலோமீட்டரில் சோக்கா, சுமார் 3,000 மீட்டர். அடுத்தது ஜோங்ரி, சுமார் 4,000. வழக்கமாக நடுவில் சாச்சென் என்ற இடத்தில் ஒரு இரவு தங்கி, மூன்றாம் நாள்தான் ஜோங்ரி போவார்கள். எங்கள் திட்டத்தில் சாச்சென் இல்லை. முதல் நாளே சோக்கா, இரண்டாம் நாளே ஜோங்ரி. ஏற்பாடு செய்த நிறுவனத்தை மட்டும் இதில் குறை சொல்ல மாட்டேன். பத்து நாள் திட்டத்தை எட்டு நாளாகக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவர்கள் நாங்கள்தான். வாத்தியாருக்கு லீவு இல்லை, ஏஜென்டுக்குத் தங்கை வீட்டு விசேஷம். "நாங்க டெய்லி நடக்கிறவங்க தம்பி, ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று போனில் சொன்னது என் வாய்தான். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எங்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஒன்பதையும் ஒரே நேரத்தில் நீட்டினேன். ஆளைப் பார்க்காமலே ஒன்பதிலும் கையெழுத்து விழுந்தது. 31 வருடம் மருந்துச் சீட்டு பார்த்தவன் செய்த வேலை இது.

நம் ஊர் வாசகர்களுக்கு இதை மட்டும் சொல்ல வேண்டும். உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். நம்முடைய தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே பெரியது ஆனைமுடி, அதுவே 2,695. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை 2,000-ஐக்கூடத் தொடாது. அதாவது நாம் ஆயுசு முழுக்க நம் ஊர் மலைகளில் ஏறினாலும் உயரம் நம்மை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லை. காலுக்குப் பயிற்சி கிடைக்கும். காற்று குறைந்தால் உடம்பு என்ன பண்ணும் என்பது வேறு பாடம். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தினமும் நடக்கிறவர், நடக்காதவர், சிகரெட் பிடிக்காதவர், இருபது வயசுப் பையன் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. நல்ல உடல்வாகு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில சமயம் அவர்களுக்குத்தான் முதலில் வருகிறது. 3,000-க்கு மேலே போய்விட்டால் ஒரு இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் நடுவே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கி வந்து தூங்க வேண்டும். நாங்கள் சோக்காவில் தூங்கி எழுந்து ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டர் ஏறி ஜோங்ரியில் படுத்தோம்.

சோக்காவிலிருந்து போகும் வழி சொர்க்கம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சேற்றில் கால் புதையாமல் இருக்க மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டுப் பாதை பண்ணியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ரோடோடென்ட்ரான் பூமரங்கள். சிவப்பு, வெளிர் சிவப்பு, ஒரு மாதிரி பால் மஞ்சள். கைடு எங்கள் பின்னால் நின்று "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாக என்று அர்த்தம். நாங்கள் மெதுவாகப் போகவில்லை. முன்னால் போன பெங்களூர் பையன்கள் இரண்டு பேரை முந்த வேண்டும் என்று வங்கிக்காரருக்கு ஆசை.

வழியில் பெடாங் என்ற இடத்தைத் தாண்டியதும் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் ஒரு துண்டை ஈரமாக்கி இறுக்கிக் கட்டியது போல. ஜோங்ரிக்கு வந்து கூடாரத்தில் பையை இறக்கியபோது வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. சாயந்தரம் தக்காளி சூப்பும் பாப்கார்னும் கொடுத்தார்கள். சூப் வாசனையே ஆகவில்லை. ராத்திரிக்குச் சுடச்சுடச் சோறு. அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அந்தச் சமையல்காரத் தம்பிகள் குக்கரைச் சுமந்து வந்து, பருப்பைக் குழைய வேகவைத்து, நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியையும் நெய்யையும் எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன். திண்டுக்கல்காரன் ஒருவன் நெய்ச்சோற்றை வேண்டாம் என்று சொன்னால் அப்போதே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று இப்போது வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

சாப்பிட்டதும் குழுத் தலைவர் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார். ஊரில் எனக்கு 97 காட்டும், அங்கே 84. அந்த உயரத்தில் அது அதிசயமில்லை, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அவர் வாயால் கேட்டார். தலைவலி இருக்கா? இல்லை. குமட்டல்? இல்லை. மயக்கம் மாதிரி? இல்லை. மூன்று கேள்விக்கும் சைபர் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஏன் பொய் சொன்னேன்? ஆளுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தோம். என்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கூட்டத்தில் மருந்துப் பெட்டி என் கையில். தலைவலி, வயிற்றுப்போக்கு என்றால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். உயரத்துக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் டயமாக்ஸ் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து, டாக்டரிடம் கேட்டுவிட்டீர்களா, சல்பா அலர்ஜி இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் விசாரித்துக் கொடுத்தவன் நான். நான் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளியங்கிரிக்காரனுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

ஜவுளிக்கடை அம்மாவும் போட்டுக்கொள்ளவில்லை, அது அப்போது எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் அக்கா. வயதில் மூத்தவன் என்பதால் நான் மட்டும் "ஏம்மா" என்பேன். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும். பாதையில் ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவோம். அவருக்கு அப்படியா? ராத்திரி குளிரில் ஸ்லீப்பிங் பேக்கை விட்டு எழுந்து, ஷூ மாட்டி, டார்ச் அடித்துக்கொண்டு கழிவறைக் கூடாரத்துக்குப் போக வேண்டும். அதனால் மாத்திரையையும் விட்டார், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். யாரும் இதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்பது பேரில் அவர் ஒருத்திதான் பெண். இதை நாங்கள் கிளம்புவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை மூன்றரைக்கு எழுப்பினார்கள். ஜோங்ரி மேட்டில் ஏறிச் சூரிய உதயத்தில் காஞ்சன்ஜங்காவைப் பார்க்கும் நாள். கூடாரத்துக்கு வெளியே அந்த அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். என் ஹெட்லாம்ப் வெளிச்சம் அவர் கையில் விழுந்தது. லேஸின் ஒரு நுனியை எடுத்து வளையம் போடுகிறார். இன்னொரு நுனியை எடுக்காமல் அதே நுனியை மறுபடி எடுக்கிறார். அவிழ்ந்து விழுகிறது. மறுபடி அதே. பதற்றமே இல்லை. கடையில் ஒரு நாளைக்கு நூறு பொட்டலம் கட்டுகிற விரல்கள் அவை. "என்னம்மா?" என்றேன். "கட்டிட்டேன் சார்" என்றார். கட்டியிருக்கவில்லை. நாக்கு கொஞ்சம் குழறியது.

எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் பெருவிரலில் ஒட்ட வைத்து, கோடு போட்டதுபோல நேராக நடக்கச் சொன்னேன். இரண்டு அடி வைத்தார். மூன்றாவதில் சாய்ந்து கூடாரக் கயிற்றைப் பிடித்தார். உயர நோய் முற்றி மூளையில் வீக்கம் ஆரம்பித்தால் முதலில் தள்ளாடுவது நடைதான். படித்திருக்கிறேன், அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அதற்கு ஒரே உண்மையான வைத்தியம் கீழே இறங்குவது. விடியட்டும், சூரியன் வரட்டும், கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தத் தலைவர் இந்த இடத்தில் நன்றாகவே நடந்துகொண்டார். ஐந்து நிமிஷத்தில் ஆக்சிஜன் வந்தது, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெதசோன் மருந்து கொடுத்தார், கைடும் ஒரு போர்ட்டர் தம்பியும் தயார். அப்போதுதான் நான் என் தலைவலியைச் சொன்னேன். "நீங்களும் கீழே" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாலரை மணிக்குக் கிளம்பினோம். ஜோங்ரியிலிருந்து இறங்குவதற்கு முதலில் கொஞ்சம் ஏற வேண்டும். தேவராலி என்ற மேடு, மந்திரக் கொடிகள் கட்டியிருப்பார்கள். அந்த ஏற்றம் முழுக்கப் போர்ட்டர் தம்பி அவரை முதுகில் தூக்கினான். நெற்றியில் போட்டுக்கொள்ளும் பட்டை ஒன்று உண்டு, நாம்லோ என்பார்கள். சிலிண்டர் தூக்குகிற அதே பட்டையில் ஒரு ஆளைத் தூக்கினான். அவனுக்கு என் பையன் வயசுகூட இருக்காது.

மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். பாண்டிம் என்ற சிகரத்தின் நுனியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. காஞ்சன்ஜங்காவை நான் பார்க்கவே இல்லை.

பெடாங்கிலேயே அந்த அம்மா சொந்தக் காலில் நடக்க ஆரம்பித்துவிட்டார், கைடின் தோளைப் பிடித்துக்கொண்டு. சோக்கா வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கும் தலைவலி போன இடம் தெரியவில்லை. மூன்று மணிக்கு அவர் சோறு கேட்டார், பருப்புப் பொடியும் கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, சண்டை போடுகிற தொனியில் இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்: "ராத்திரியே ரெண்டு தடவை வாந்தி சார். காகிதத்தைத் தூக்கிட்டு வந்தாருல்ல, சொல்லலாம்னுதான் பார்த்தேன். பக்கத்துல நீங்க எல்லாத்துக்கும் இல்லைன்னீங்க. மருந்துக்காரருக்கே ஒண்ணும் இல்ல, நமக்கு என்ன வந்துச்சுன்னு நானும் இல்லைன்னுட்டேன்."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நான் பொய் சொல்லி மூன்று சைபர் போடவைத்தது அவருடைய மூன்று சைபருக்கும் காரணமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்துப் பேர் சேர்ந்து போகும்போது தலைவலி ஒரு ஆளுடைய சொந்த விஷயமாக இருப்பதில்லை.

அன்று சாயந்தரம் கைடு எங்களை உட்கார வைத்துக் கதை சொன்னார். 1955-இல் காஞ்சன்ஜங்காவில் முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி முன்பே நின்றுவிட்டார்களாம். சிக்கிம் மக்களுக்கு அந்த மலை தெய்வம், உச்சியை மிதிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். மறுநாள் ஏறிய இருவரும் அப்படியேதான். "அவங்களைப் பாதியில திரும்பினாங்கன்னு யாராவது சொல்றாங்களா?" என்றார். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார் என்று தெரிந்தது. இருந்தாலும் நன்றாக இருந்தது.

மீதி ஏழு பேரும் லாமுனே என்ற முகாம் வரை போய், 4,600 மீட்டரில் உள்ள முதல் காட்சிமுனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஊருக்கு வந்தால் மைதானத்தில் என்ன பேச்சு தெரியுமா? "என்ன சார், பழனிக்குப் போய் அடிவாரத்தோட திரும்பிட்டீங்களாமே!" இதைச் சொன்னவர் எங்களோடு வரவே இல்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ஒவ்வொருவரும் தலைவலியை மறைக்கிறார்கள். உங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளிலும் உச்சியைத் தொட்டவர் கதைதான் வருகிறது. நடுவில் திரும்பியவர் ஒருவரிடம் ஒரு தடவையாவது கேட்டுப் போடுங்கள். படம் சுமாராகத்தான் இருக்கும்.

2018-இல் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி அத்தனை பேர் போன பிறகு, எங்கள் பக்கத்தில் மலையேற்றம் என்றாலே "வனத்துறை அனுமதி இருக்கா?" என்று கேட்கிறார்கள். டீக்கடையில்கூடக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை மக்கள் வாயில் வைத்ததில் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதேபோல இன்னொரு கேள்வியையும் நீங்கள் பழக்கலாம் என்பதுதான் என் வேண்டுகோள்: "எந்த ராத்திரி எத்தனை மீட்டரில் படுக்கிறோம்?"

தினமும் தங்கம் விலைக்கு ஒரு கட்டம் போடுகிறீர்கள் அல்லவா? மலையேற்றக் கட்டுரை எது வந்தாலும் பக்கத்தில் அதே அளவு கட்டம் ஒன்று போடுங்கள். முதல் இரவு எங்கே, எத்தனை மீட்டர். இரண்டாம் இரவு எங்கே, எத்தனை மீட்டர். இப்படிக் கடைசி இரவு வரை. செலவுக் கணக்குக்கு மேலே வரட்டும். 3,000-க்கு மேல் எண்கள் 500-க்கு அதிகமாகத் தாவினால் வாசகரே போன் போட்டு நிறுவனத்தைக் கேட்டுக்கொள்வார். எங்கள் பயணத்துக்கு அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் 3,000, 4,000 என்று இரண்டே எண்ணில் எல்லாம் தெரிந்திருக்கும். குறைந்தபட்சம் எங்கள் வாத்தியார் கேட்டிருப்பார், கணக்கு வாத்தியார் அவர்.

அந்த அம்மா வருகிற அக்டோபரில் மறுபடி போகிறார். இந்தத் தடவை பதினோரு நாள். சாச்செனில் ஒரு இரவு, சோக்காவில் இரண்டு. அதில் ஒரு பகல் சும்மா பெடாங் வரை ஏறிவிட்டு இறங்கி வருவது. கூடக் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போகிறார். டயமாக்ஸ் பற்றி அவரே டாக்டரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிட்டார். நானும் போகிறேன். மருந்துப் பெட்டி இந்த முறை அவரிடம். யுக்சத்திலேயே கல்லாக உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை மட்டும் ஊரிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெயர் போட வேண்டாம். மைதானத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அது பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திண்டுக்கல்.